வற்றிய கடலில் ஒரு வகுப்பு

போன வாரம் செம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் இளம் ஆசிரியர்களான உங்களில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், அஞ்சாம் வகுப்புல கடல் பாடம் வருது. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க கண்மாயைத் தவிர வேற தண்ணியைப் பாத்ததில்ல. எப்படி நடத்துறது?" பதில் சொல்லத் தொடங்கும்போதே பேருந்து வந்துவிட்டது. ஏறிவிட்டேன். சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன். இது நான் நடத்திய பாடமல்ல. பக்கத்தில் நின்று பார்த்த பாடம். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியையாக இருந்திருக்கிறேன். அதற்கு இணையான ஒரு வகுப்பை நான் எடுத்ததும் இல்லை, வேறெங்கும் பார்த்ததும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். எனக்கு நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். ஏறக்குறைய என் வயதுதான். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊரில் பிறந்து, திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். குள்ளமான உருவம், பெரிய குரல். காற்றடிக்கும் இடத்தில் பேசிப் பழகியவர்களின் குரல் அது. பிள்ளைகள் அவருக்குக் 'கடக்கரை டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவர் முன்னாலேயே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பள்ளியில் பெரும்பாலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கு வருமுன் தறிக்கு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவார்கள். போன பின்னும் சுற்றுவார்கள். பெண் பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்து சாயத்தில் வெள்ளைப் புள்ளி விழுவதற்காகச் சுங்குடிச் சேலைக்குப் பொடிப்பொடியாக முடிச்சுப் போடுவார்கள். கடல் என்றால் அவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். அதில் ஒரு நட்சத்திர மீன், ஒரு நண்டு, ஒரு சங்கு. கடல் ஏறி இறங்கும் ஓதம் என்றால் என்ன என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

ஒரு நாள் என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவிலிருந்த தட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"எங்க ஊர்ல கடலுக்குள்ள கல்லுத் திட்டு இருக்கு. தண்ணி உள்வாங்குனா அந்தக் கல்லுக் குழியில மட்டும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும். அதுல நண்டு, மீனு, நத்தை எல்லாம் மாட்டிக்கிரும். அப்புறம் அதுகளுக்கு என்ன ஆகும்?"

வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "செத்துப் போகும் டீச்சர்!"

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அதற்கு முந்தைய கோடையில்தான் எங்கள் கண்மாய் வற்றியது. ஊரே கூடையோடு இறங்கி மீன் பிடித்தது. பிடிபடாத பொடி மீன்கள் சேற்றில் துடித்துச் செத்ததை அத்தனை பிள்ளைகளும் கரையில் நின்று பார்த்திருந்தார்கள். தண்ணீர் வற்றினால் வற்றியதுதான். மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

"சாகாது. சாயங்காலத்துக்குள்ள தண்ணி திரும்பி வந்துரும். தினம் ரெண்டு தரம் போகும், ரெண்டு தரம் வரும்."

யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு பெண் பிள்ளையின் குரல் கேட்டது. முருகேஸ்வரி. அதிகம் பேசாத பிள்ளை.

"டீச்சர், தண்ணி திரும்பி வரும்னு அதுகளுக்கு எப்படித் தெரியும்?"

நானாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் "எனக்குத் தெரியலயே முருகேஸ்வரி" என்றார். "போய்ப் பாத்துட்டு வருவமா?"

மணியடித்ததும் கேட்டேன்: "என்ன டீச்சர், கடக்கரையிலயே பொறந்துட்டுத் தெரியலன்னு சொல்லிட்டீங்க?"

"பொறந்ததுனாலதான் டீச்சர் தெரியல. தண்ணி போகும், வரும். எனக்கு அது பழகிப் போச்சு. அந்தப் புள்ளதான் அதுகளுக்காகக் கவலைப்பட்டிருக்கு."

பிள்ளைகளின் முன்னால் 'தெரியவில்லை' என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு சொல்லால் அவருக்கு மதிப்புக் குறையவில்லை. பிள்ளைகள் நடைவழியிலும் கிணற்றடியிலும் அந்தக் கேள்வியையே பேசிக்கொண்டு திரிந்தார்கள்.

போய்ப் பார்ப்பது என்பது லேசான காரியமல்ல. ஒரு நாள் பிள்ளை தார் சுற்றாவிட்டால் தறி நிற்கும். அதிலும் நண்டு பார்க்க அனுப்புங்கள் என்று எந்த வீட்டில் போய்க் கேட்பது? தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். அவர்தான் ஒரு வழி சொன்னார்: "ராமேஸ்வரம்னு சொல்லுங்க டீச்சர். அனுப்புவாங்க." எங்கள் டீச்சர் மாசி அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்குத்தான் கடல் நன்றாக உள்வாங்கும் என்பது அவர் கணக்கு. அமாவாசையில் தீர்த்தமாடினால் புண்ணியம் என்பது பெற்றோர் கணக்கு. இரண்டும் ஒன்றாக அமைந்ததில் வீடு வீடாகச் சம்மதம் கிடைத்தது. முருகேஸ்வரியின் அப்பா துணைக்கு நானும் வாரேன் என்று சொல்லித் தறியை ஒரு நாள் நிறுத்திவிட்டு வந்தார்.

ரயிலில் போய் விடிந்ததும் மண்டபத்தில் இறங்கினோம். கோயிலுக்கு மதியத்துக்கு மேல் போவதென்று பேச்சு. கரைக்குப் போனபோது கடல் எங்கோ தள்ளிப் போயிருந்தது. கரையிலிருந்து உள்ளே நீண்டு கிடந்தது கல்லுத் திட்டு; நடுவில் ஒரு பள்ளமான வாய்க்கால், அதற்கப்பால் உயரமாக இன்னொரு பாறை. வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகள் முதலில் பயந்து ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

டீச்சர் மூன்று விதிகள் சொன்னார். கையை நனைக்காமல் எதையும் தொடக்கூடாது. புரட்டிய கல்லைப் புரட்டியபடியே விடக்கூடாது, திருப்பி வைக்க வேண்டும். எதை எடுத்தாலும் எடுத்த குழியிலேயே விட வேண்டும். அது அதனுடைய வீடு. அழகான கூம்புச் சங்கு ஒன்றைக் குச்சியால் காட்டி, இது குத்தும், இதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதே என்றார். அவ்வளவுதான் பேசினார். பிறகு பிள்ளைகளைக் குழிக்கு நாலைந்து பேராக உட்கார வைத்துவிட்டு, "அசையாம உக்காரு. நீ அசையாம இருந்தா அது அசையும்" என்றார்.

அசைந்தது. காலிச் சங்கு என்று நினைத்ததற்குக் கால் முளைத்து நடந்தது. பாறையின் கறை என்று நினைத்தது மீனாகி ஓடியது. கத்தக்கூடாது என்பதால் பிள்ளைகள் ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். எதிர்ப் பாறையின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வெள்ளை முடிச்சுகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் வெறும் கறுப்புக் கல்.

"டீச்சர், கல்லுக்குச் சுங்குடி கட்டியிருக்கு!" என்றாள் முருகேஸ்வரி.

எங்கள் டீச்சர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். "அதுக்கு எங்க ஊர்ல கொட்டலசுன்னு பேரு. ஒவ்வொண்ணும் ஒரு உசுரு. சுங்குடின்னே வச்சுக்குவோம். தண்ணி ஏறுற உயரம் வரைக்கும்தான் அது வாழும். அதுக்கு மேல தண்ணி வராது. வந்தா அங்கயும் சுங்குடி கட்டியிருக்குமில்ல?" பிள்ளைகள் எழுந்து நின்று பாறையை அண்ணாந்து பார்த்தார்கள். கடல் எதுவரை வரும் என்று கடலைப் பார்க்காமலேயே சொல்ல முடிகிறதே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

எங்களோடு வந்திருந்த தலைமையாசிரியர் ஒரு வாளி கொண்டு வந்திருந்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வர முடியவில்லையே, அவர்களுக்குக் காட்டலாம் என்று நட்சத்திர மீன், நண்டு, நத்தை எல்லாம் சேகரித்து வாளியில் போடச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணம்தான். பிள்ளைகள் எங்கள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்ன விதி வேறு, சார் சொல்லும் உத்தரவு வேறு. பிள்ளைகள் முன்னால் தலைமையாசிரியரை மறுத்தால் ஒரு கேடு, சும்மா இருந்தால் இன்னொரு கேடு.

டீச்சர் வாளியைப் பார்த்துச் சிரித்தார். "சார், ஊருக்குப் போற வரைக்கும் தாங்குமான்னு இங்கயே செத்த நேரம் வச்சுப் பாத்துருவமா?" என்றார்.

வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் வாளித் தண்ணீர் சுட்டது. நட்சத்திர மீனின் ஒரு கை தொய்ந்தது. நண்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டது. பிள்ளைகள் வாளியைச் சுற்றி நின்றார்கள். தலைமையாசிரியர் விரலை விட்டுப் பார்த்தார். "கண்மாய் மாதிரி ஆகிருச்சேப்பா" என்றார். "கொண்டு போய் விட்ருங்க." தான் சொன்னதைத் தானே திருப்பிக்கொள்ளும் பெருந்தன்மை அவரிடம் இருந்தது. அதற்கு இடம் விட்டுக் கொடுக்கும் சாமர்த்தியம் டீச்சரிடம் இருந்தது. மேலதிகாரியோடு முரண்படும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு அவர் தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வாசல் திறந்து வையுங்கள்.

பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். விட்டுவிட்டு வந்ததும் கரையில் பனை மரத்தடியில் உட்கார வைத்து இட்லிப் பொட்டலம் கொடுத்தோம். முருகேஸ்வரியின் அப்பா ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"டீச்சர், எம்புள்ள எங்க?"

எல்லோரும் ஒரே சமயத்தில் கடலைத் திரும்பிப் பார்த்தோம். வாய்க்காலுக்கு அப்பால், உயரமான பாறையின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த நட்சத்திர மீன் அந்தப் பாறைக் குழியிலிருந்து எடுத்தது. எடுத்த குழியிலேயே விடுவதற்காகப் போயிருக்கிறாள். காலையில் கணுக்கால் அளவு இருந்த வாய்க்கால் இப்போது நுரைத்துக்கொண்டு ஓடியது. கடல் திரும்பிவிட்டது.

அந்தத் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்புக்கு வந்திருக்கும். அவளுக்குக் கழுத்தைத் தொடும். ஆழத்தைவிட இழுப்புதான் பயமாக இருந்தது. மிதந்து வந்த ஒரு தென்னை மட்டையை அது சரசரவென்று உள்ளே கொண்டு போனது. எங்கள் யாருக்கும், கடலோரத்தில் பிறந்த டீச்சருக்கும்கூட, நீச்சல் தெரியாது.

அப்பா பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார். தண்ணீருக்குள் அவர் ஒரு காலை வைத்தபோது டீச்சர் பின்னாலிருந்து அவர் கையைப் பிடித்தார்.

"விடுங்க டீச்சர்! எம்புள்ள அங்க நிக்கிது!"

"அண்ணே, நீங்க எறங்குனா அவளும் எறங்குவா. அப்பா வாராருன்னு இந்தப் பள்ளத்துலதான் ஓடியாருவா. நீங்க எறங்காத வரைக்கும் அவ எறங்க மாட்டா."

"சும்மா நிக்கச் சொல்றீகளா?"

"நிக்காதீங்க, உக்காருங்க. அவ கண்ணுக்குத் தெரியிற மாதிரி இந்தக் கல்லுல உக்காருங்க. நீங்க உக்காந்திருந்தா ஒண்ணும் ஆகலன்னு நினைப்பா."

அந்த மனிதர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் நான் பார்த்த தைரியமான செயல்களில் அதுவும் ஒன்று. ஓடுவதற்கு அவ்வளவு தைரியம் வேண்டியதில்லை.

டீச்சர் தலைமையாசிரியரிடம் மீனவர் வீடுகள் இருக்கும் திசையைக் காட்டி, மீன்பிடி வள்ளம் ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார். அவர் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் ஓடினார். டீச்சர் என்னிடம் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கச் சொன்னார். பிறகு வாயருகில் கையைக் குவித்து, வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார்:

"முருகேஸ்வரீ! மீனை விட்டுட்டியா?"

அவள் அழத் தொடங்கியிருந்தாள். அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலும். "விட்டுட்டேன் டீச்சர்!"

"நல்ல புள்ள! சுங்குடி எதுவரைக்கும் கட்டியிருக்கு பாரு!"

திரும்பிப் பார்த்தாள். "என் தலை வரைக்கும் இருக்கு டீச்சர்!"

"அதுக்கு மேல என்ன?"

"வெறுங் கல்லு! காஞ்சு கெடக்கு!"

"அங்க ஏறி உக்காரு! மெதுவா, கையைக் கல்லுல ஊணி ஏறு!"

பாறையின் பின்பக்கம் படிபோல இருந்தது. ஏறினாள். ஒரு முறை கால் சறுக்கியது. அப்பாவின் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. அவள் மேலே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தண்ணி எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டார் டீச்சர்.

"சுங்குடி வரைக்கும் வரும்!"

"உனக்கு வருமா?"

காலுக்குக் கீழே வெள்ளை முடிச்சுகளைப் பார்த்தாள். "வராது டீச்சர்."

காலையில் நடத்திய பாடம். அதைச் சொன்ன குரலில் இப்போது அழுகை பாதிதான் இருந்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தாலே அவர் கெட்டிக்காரர் என்று சொல்லியிருப்பேன். ஆனால் வள்ளம் வர நேரமாகும். அதுவரை ஏறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால் மறுபடி பயம் வரும். பயந்த பிள்ளையிடம் பயப்படாதே என்று சொல்லிப் பயனில்லை. அவர் அந்தச் சொல்லை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. வேலை கொடுத்தார்.

"முருகேஸ்வரி, தண்ணி உள்ள வருது. குழிக்குள்ள என்ன நடக்குதுன்னு இங்க இருந்து எங்க யாருக்கும் தெரியல. நீ பாத்துச் சொல்லு! நாங்க கேக்குறோம்!"

எங்கள் பக்கம் திரும்பி, "அவ சொல்றதைச் சேந்து திருப்பிச் சொல்லுங்க. அவளுக்குக் கேக்கணும்" என்றார். அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "நத்தை நகருது டீச்சர்!"

"நத்தை நகருது!" என்றது கரை.

"உருண்டையா சுருங்கிக் கெடந்துச்சே, அது பூ மாதிரி விரியுது!"

"பூ மாதிரி விரியுது!"

"சுங்குடி வாயைத் தொறக்குது! உள்ள இருந்து இறகு மாதிரி வருது! வருது, போகுது, வருது!"

"வருது, போகுது, வருது!" பிள்ளைகள் கையை விரித்தும் மடக்கியும் காட்டினார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் உதடும் அசைந்தது.

திடீரென்று ஒரு கத்தல். "டீச்சர்! நண்டு மேல ஏறி வருது! எங்கிட்ட வருது! நெறைய வருது!"

"அது இருக்குற எடத்துல நீ உக்காந்திருக்க! உன்னைப் பாத்து அதுதான் பயப்படும்! தண்ணி அதுகளைத் தொட்டுருச்சா?"

குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இல்ல டீச்சர்! தண்ணி இன்னும் கீழதான் இருக்கு! அதுக்கு முன்னாடியே ஏறி வருதுங்க! தெரியுது டீச்சர்! அதுகளுக்குத் தெரியுது!"

"அதுகளுக்குத் தெரியுது!" என்று பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். அப்போதுதான் எங்கள் டீச்சரின் கண் நிறைந்ததைப் பார்த்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "உக்காந்து சொல்லு முருகேஸ்வரி, உக்காந்து சொல்லு" என்றார்.

வள்ளம் வந்தது. முன்னால் எங்கள் தலைமையாசிரியர் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வள்ளக்காரர் பாறையின் பின்பக்கம் அணைத்து, பிள்ளையைத் தூக்கி உள்ளே விட்டார். தண்ணீர் அப்போது வெள்ளை முடிச்சுகளில் மேல் வரிசையை நனைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. கரையில் இறக்கியதும் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டார். வளர்ந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பனை மரத்தடி வரைக்கும் நடந்தார். அங்கே அவளை இறக்கிவிட்ட பிறகுதான் அழுதார்.

மதியத்துக்கு மேல் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் போனோம். பெற்றோருக்குச் சொன்னபடி தீர்த்தமும் தரிசனமும் முடிந்தன. திரும்பும்போது ரயிலில் தலைமையாசிரியர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், நல்லபடியா முடிஞ்சிருச்சு. ஊர்ல இதைப் பெருசா பேச வேணாம். பிள்ளைங்க சொன்னாலும் பிள்ளைங்க பேச்சுன்னு விட்ருவோம். மேல தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

டீச்சருடைய வேலைக்கு ஆபத்து என்பது உண்மை. விசாரணை வரலாம், தூரத்துக்கு மாற்றலாம்.

"சார், இன்னிக்கி அந்தப் புள்ள பாத்ததை நெசமாச் சொல்லுச்சு. நாம போய்ப் பொய் சொன்னா, நாளைக்கி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதைப் பாடம் கேக்குறது?" என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலமே டீச்சர் பள்ளி வளாகத்தில் பெற்றோரைக் கூட்டினார். யாரும் கேட்பதற்கு முன் தானே எழுந்து நடந்தது அத்தனையும் சொன்னார். எடுத்த குழியில்தான் விட வேண்டும் என்று சொன்ன நான், அதற்கு யாரும் தனியாகப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அது என் குறை என்றார். கூட்டம் சலசலத்தது. ஒருவர் எழுந்தார்.

"ஏன் டீச்சர், பொம்பளப் புள்ளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"நான்தாண்ணே. ஒண்ணும் ஆகலைன்னாலும் நான்தான் பதில் சொல்லணும். அதுக்குத்தான் நிக்கிறேன்."

பயந்த சுபாவம் என்று சொன்னேனே, அந்தத் தலைமையாசிரியர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். "அனுமதி கொடுத்தது நான். மேல புகார் எழுதிப் போடுறதா இருந்தா எம்பேரையும் சேத்து எழுதுங்க" என்றார்.

அப்போது முருகேஸ்வரியின் அப்பா பின்னாலிருந்து பேசினார். "நான் அங்கனதான் இருந்தேன். நான் எறங்கியிருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். இந்தம்மா என்னை உக்கார வச்சுச்சு. வேற என்ன சொல்ல?" அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பக்கத்தில் முருகேஸ்வரியின் அம்மா. அதுவரை தலை நிமிரவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது அந்த ஒரு பெண்ணின் வாயில் இருந்தது.

"ராத்திரி பூரா ஒரே பேச்சு டீச்சர், தூங்க விடல" என்றார். "அம்புட்டுத் தண்ணியும் போயிட்டுத் திரும்பி வருமாமில்ல? அதுகளுக்கு முன்னாடியே தெரியுமாமில்ல? எனக்கு இம்புட்டு வயசாச்சு, நான் கடலையே பாத்ததில்ல. அடுத்த தடவை போறப்ப நானும் வாரேன். எம்புள்ளையை நானே பிடிச்சுக்கிறேன்."

யாரும் எங்கும் எழுதிப் போடவில்லை.

அடுத்த மாசியில் மறுபடி போனோம். இந்த முறை பிள்ளைகளை இருவர் இருவராகக் கைகோத்து விட்டோம், வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்தோடு நிறுத்தினோம், வள்ளக்காரர் ஒருவரை முன்கூட்டியே கரையில் இருக்கச் சொன்னோம். எங்கள் டீச்சர் தன் குறை என்று சொன்னதைச் சொல்லோடு விட்டுவிடவில்லை. முருகேஸ்வரி ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விட்டிருந்தாலும் விடாப்பிடியாகக் கூட வந்தாள். அவள் அம்மாவும் வந்தார். அவரைப் பார்த்து இன்னும் சில தாய்மார்களும் வந்தார்கள். சிலர் கடலைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிகளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. ராமேஸ்வரம் ரயிலுக்கு நேரமாகிறது என்று தலைமையாசிரியர் கரையிலிருந்து கையைக் காட்டினார். பிள்ளைகள் எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள். முருகேஸ்வரியின் அம்மா மட்டும் ஒரு குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. எங்கள் டீச்சர் கூப்பிடப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த அம்மா தலையைத் திருப்பாமலே கையை மட்டும் உயர்த்தி எங்களை நிறுத்தினார். குழிக்குள் ஒரு சிறு சங்கு அசையாமல் கிடந்தது.

"செத்த இருங்க டீச்சர்" என்றார். "இப்பத்தான் தலையை நீட்டுது."

எங்கள் டீச்சர் ரயிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.